நாய்க்குப் பெயர் இருந்தது, சிப்பாய்க்கு இல்லை

ஆடிப்பெருக்கன்று அறச்சலூரிலிருந்து ஓடாநிலைக்குப் போகும் சாலையில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. கட்சிக்கொரு கொடி, அமைப்புக்கொரு பதாகை, தலைவருக்கு ஆளுயர மாலை. 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலைக்கு அரசு கட்டிய மணிமண்டபம் அங்கே இருக்கிறது. 1801இல் காவிரிக் கரையிலும் 1802இல் ஓடாநிலையிலும் 1804இல் அறச்சலூரிலும் கம்பெனிப் படையோடு மோதியவருக்கு இந்தக் கூட்டம் அதிகமே இல்லை. என் குறை வேறு. அந்தச் சாலையைத் தாண்டி காங்கயம், தாராபுரம், பல்லடம், சூலூர், அவிநாசி என்று விரிந்துகிடக்கும் மானாவாரிக் காடுகளின் வேலி ஓரங்களில் பல நூற்றாண்டுகளாகப் போர் நினைவுச் சின்னங்கள் நிற்கின்றன. அவற்றுக்கு அரசு விழா இல்லை, மாலை இல்லை. அவை போர் நினைவுச் சின்னங்கள் என்ற நினைப்பே நம்மில் பலருக்கு இல்லை.

ஆய்வாளர்கள் அவற்றை நடுகல், வீரக்கல், புலிகுத்திக்கல் என்று வகை பிரிப்பார்கள். காட்டுக்காரரைக் கேட்டால், "அது சாமி கல்லுங்க. யாருன்னு தெரியாதுங்க, பாட்டன் காலத்துல இருந்து பொங்கல் வெக்கறோம்" என்பார். சில ஊரில் அவர் வேட்டைக்காரன், சில ஊரில் கருப்பராயன். பெயர் மாறிப்போயிருக்கலாம். ஆனால் செத்தவனுக்குச் சோறு வைப்பது நின்றுபோகவில்லை. உலகப் போர்களின் நினைவுத் தூண்களில் எத்தனைக்கு இந்தப் பேறு வாய்க்கும்?

கொங்கின் புலிகுத்திக்கல்லைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் மூன்றடி, நான்கடி உயரமுள்ள பலகைக் கல். அதில் புடைப்புச் சிற்பமாக ஒரு ஆள். தலைமுடியைப் பக்கவாட்டில் கொண்டையாக முடிந்திருப்பான். காதில் குழை, கழுத்தில் சரப்பளி, இடையில் கச்சு. எதிரே புலி. அது பின்னங்கால்களை ஊன்றி, கிட்டத்தட்ட அவன் உயரத்துக்கு எழுந்து நிற்கும். வால் மேலே சுருண்டிருக்கும். அவன் கையிலுள்ள ஈட்டியோ வாளோ புலியின் வயிற்றில் இறங்கியிருக்கும். புலியின் முன்னங்கால் நகமும் அதே நொடியில் அவன் தோளிலோ தொடையிலோ பதிந்திருக்கும். இரண்டுமே சாகப்போகின்றன என்பது பார்ப்பவருக்கு விளங்கிவிடும். புலியைச் சிறிதாக்கி ஆளைப் பெரிதாக்கிக் காட்டும் ஆசைக்குச் சிற்பி இடம் கொடுக்கவில்லை. வென்றான் என்று அவன் சொல்லவில்லை, இப்படித்தான் செத்தான் என்று சொல்லியிருக்கிறான். கைவேலை என்று பார்த்தால் தஞ்சைக் கோயில் சிற்பங்களின் பக்கத்தில் இது நிற்காது. முகம் தட்டை, விரல்கள் தடித்தவை, கால்கள் கட்டை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்லும் நேர்மை இதில் இருக்கிறது. நம் நகரச் சந்திப்புகளில் வெண்கல வண்ணம் பூசி நிற்கும் எத்தனையோ சிலைகளில் நான் தேடியும் காணாதது அது.

புலியைக் குத்திச் செத்தவனுக்குப் போர் நினைவுச் சின்னம் என்ற பெயர் பொருந்துமா என்று ஒருவர் கேட்கலாம். கொங்கின் நிலத்தைப் பார்த்தால் பதில் கிடைக்கும். மழை குறைந்த பூமி. கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரவிட்டு, காங்கயம் மாட்டை மேய விட்ட கொறங்காடு இன்றும் இருக்கிறது. இங்கே செல்வம் என்றால் மாடு. மேற்கே ஆனைமலையும் வெள்ளியங்கிரியும், வடக்கே சத்தியமங்கலம் மலையும் இருக்க, நடுவிலுள்ள சமவெளி முழுக்க மேய்ச்சல். பட்டியில் கட்டிய மாட்டைப் புலியும் கொண்டுபோகும், அடுத்த நாட்டு ஆளும் கொண்டுபோவான். இரண்டு பேரிடமிருந்தும் காப்பாற்றியவன் ஒரே ஆள்தான். சம்பளப் பட்டாளம் வருவதற்கு முந்தைய காலத்தின் எல்லைக் காவல் அது. அந்தக் காலத்தில் போரே மாட்டில்தான் தொடங்கியது. தொல்காப்பியப் புறத்திணையில் வெட்சி முதலில் வருவதற்குக் காரணமும் அதுதான். மாட்டைக் கவர்ந்துவரப் போனவனுக்கு வெட்சி, மீட்கப் போனவனுக்குக் கரந்தை. கல் இருவருக்கும் உண்டு.

கல் எடுக்கும் முறையையும் தொல்காப்பியம் ஆறு படிகளாக வகுத்திருக்கிறது. கல்லைத் தேடிக் காண்பது, அதற்கு நாள் கொள்வது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது. இதில் செதுக்குவது தனிப் படியாக இல்லை. எது நினைவு என்பதில் நம் முன்னோர் நம்மைவிடத் தெளிவாக இருந்திருக்கிறார்கள். நாம் திறப்பு விழாவோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். அவர்களுக்குக் கல் நட்ட பிறகுதான் வேலையே ஆரம்பம்.

ஆரம்பகாலக் கற்களில் உருவமும் கிடையாது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு கண்டெடுத்த கற்களில் இருப்பவை தமிழி எழுத்துகள் மட்டும். ஒன்றில் ஊர்ப் பெயர், ஆள் பெயர், ஆகோள், அதாவது மாடு கவர்தல், என்ற செய்தி. அவ்வளவுதான். கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்று அறிஞர்கள் கணிக்கும் அந்தக் கற்கள் ஒரு தந்திபோலச் சுருக்கமாகப் பேசுகின்றன. அதற்கும் முன்னால் எழுத்துமில்லாத நெடுங்கல். நொய்யல் கரையில், பெருந்துறை வட்டத்துக் கொடுமணலில், இரும்பு உருக்கி, கல்மணி கோத்து, தொலைதூரங்களோடு வணிகம் செய்தவர்களின் ஈமக்காட்டில் கல்வட்டங்களோடு நெடுங்கற்களும் இருந்தன. முதலில் வெறும் கல், பிறகு எழுத்து, பிறகு உருவம் என்று இந்த மரபு வளர்ந்து வந்திருக்கிறது. கொங்கின் மையப்பகுதியில் பின்னாளில் எழுந்த புலிகுத்திக்கற்கள் பலவற்றில் எழுத்து மறுபடி விடைபெற்றுவிட்டது, உருவம் மட்டும் நிற்கிறது. சத்தியமங்கலம், தாளவாடிப் பக்கம் போனால் கன்னடநாட்டுச் சாயலில் மூன்றடுக்குக் கற்களைப் பார்க்கலாம். கீழே சண்டை, நடுவில் தேவமகளிர் அவனைத் தூக்கிச்செல்வது, மேலே லிங்கத்தின் முன் அவன் அமர்ந்திருப்பது. எனக்கென்னவோ அந்தச் சொர்க்க அடுக்குகள் இல்லாத ஒற்றைப் புலிகுத்தியே பிடிக்கும்.

எழுத்தும் உருவமும் ஒன்றாகச் சேர்ந்த கற்களுக்குச் செங்கம் வட்டாரம் பேர்பெற்றது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் அவற்றைத் தொகுத்து நூலாகவே போட்டது. அதில் எடுத்தனூர்க் கல் ஒன்று உண்டு. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவகத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் போய் வீழ்ந்தான். அவனோடு இருந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது. கல்லில் ஆளும் இருக்கிறான், நாயும் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். அதையும் பொறித்திருக்கிறார்கள். பல்லவப் பேரரசனின் ஆட்சியாண்டைச் சொல்லித் தொடங்கும் ஒரு கல்வெட்டு ஒரு நாயின் பெயரைச் சொல்வதைக் கௌரவக் குறைவாக நினைக்கவில்லை.

அங்கிருந்து சுமார் 1,300 ஆண்டுகள் தாண்டி 1919க்கு வருவோம். முதல் உலகப் போர் முடிந்ததும் மதராஸ் மாகாணத்தின் பல ஊர்களில் அரசு சின்னச் சின்னப் பளிங்குப் பலகைகளைப் பதித்தது. தமிழ்நாட்டில் அவற்றில் சில இன்றும் இருக்கின்றன. இந்த ஊரிலிருந்து 1914–1919 பெரும் போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இரண்டு எண்கள். முடிந்தது. போனவன் யார், எங்கே செத்தான், மெசபடோமியாவின் வெயிலிலா, கப்பலிலா, காய்ச்சலிலா, எதுவும் இல்லை. அவன் வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த ஆங்கிலத்தைப் படிக்கவும் தெரிந்திருக்காது.

இது உள்ளூர் அதிகாரியின் சோம்பல் என்று விட்டுவிட முடியாது. அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து கடல்கடந்து போனவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் சுமார் 74,000. போரில் இறந்த எல்லோருக்கும் பதவி வேறுபாடு பார்க்காமல் பெயரோடு நினைவிடம் என்று 1917இல் தொடங்கிய பிரிட்டிஷ் பேரரசின் போர்க் கல்லறை ஆணையம் அறிவித்தது. நல்ல கொள்கை. ஆனால் மெசபடோமியாவில் இறந்தவர்களுக்காக பஸ்ராவில் எழுந்த நினைவிடத்தில் பிரிட்டிஷ் வீரர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் பொறித்தார்கள். இந்தியச் சிப்பாய்களுக்கு அவர்கள் படைப்பிரிவின் கீழ் எண்ணிக்கை மட்டும். மதராஸ் சாப்பர்ஸ் போன்ற நம் பக்கத்துப் பிரிவுகளும் அந்தப் போர்முனையில் இருந்தவைதான். 2021இல் அந்த ஆணையமே, இன்றைய காமன்வெல்த் பெயரில், இப்படிச் சமமில்லாமல் நடத்தியதை அறிக்கையில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. நூறு வருடம் ஆயிற்று அதற்கு. எடுத்தனூர்க்காரர்களிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள்.

பெயர் போதுமா, உருவமும் வேண்டுமா என்ற சண்டை அமெரிக்காவிலும் நடந்தது. 1982இல் வாஷிங்டனில் திறக்கப்பட்ட வியட்நாம் போர் நினைவுச் சுவரை மாயா லின் வெறும் கருங்கல்லும் பெயர்களுமாக வடிவமைத்தார். இன்று அதில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள். மனித உருவமே இல்லாத சுவரா என்று ஒரு தரப்பு கொதித்தது. அவர்களைச் சமாதானப்படுத்த 1984இல் பக்கத்தில் மூன்று சிப்பாய்களின் வெண்கலச் சிலையை வைத்தார்கள். எது நல்ல சிற்பம் என்று இன்றும் பேசுகிறார்கள். எனக்கு மாயா லின் பக்கம்தான் சாய்வு. இறந்தவர்களை இறந்த நாள் வரிசையில் நிறுத்தியதால் அந்தச் சுவரில் ஒவ்வொரு பெயருக்கும் தன் சாவின் இடம் கிடைத்தது. மூன்று சிப்பாய்கள் யாரோ மூவர்.

இந்த 'யாரோ' என்ற சிக்கல் நமக்கும் உண்டு. தீரன் சின்னமலையின் முகம் நமக்குத் தெரியாது. அவரை நேரில் பார்த்து வரைந்த படம் ஏதும் நம்மிடம் வந்து சேரவில்லை. சென்னையிலும் கொங்கிலும் நாம் பார்க்கும் முறுக்கிய மீசையும் உருவிய வாளும் பிற்காலச் சிற்பிகளின் கற்பனை. கற்பனை தப்பில்லை. புலிகுத்தியை வடித்தவனும் முகச் சாயலைப் பிடிக்க முயலவில்லையே. வேறுபாடு ஒன்றுதான். புலிகுத்திக்கல்லில் செயல் இருக்கிறது. நம் சிலைகளில் செயல் இல்லை, பாவனை இருக்கிறது. சின்னமலை ஓடாநிலையில் எப்படிப் போரிட்டார், எப்படிப் பிடிபட்டார், அவரோடு தூக்கிலேறியவர்கள் யார் யார் என்பது அந்த நிமிர்ந்த மார்பில் எங்கேயும் தெரிவதில்லை. அதே சிலையின் தலைப்பாகையை மாற்றினால் வேறொரு பாளையக்காரர் ஆகிவிடுவார்.

பொல்லான் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னமலையின் படையில் இருந்த இவர் ஆங்கிலேயர் முகாமிலிருந்து செய்திகளைச் செருப்புக்குள் வைத்துத் தைத்து அனுப்பினார், அது தெரிந்து சுட்டுக் கொல்லப்பட்டார் என்பது வழக்கு. அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த அவருக்கு அறச்சலூரை அடுத்த ஜெயராமபுரத்தில் அரசு மணிமண்டபம் எழுப்பியிருக்கிறது. ரொம்பத் தாமதம், ஆனாலும் வந்ததே. அவருக்கும் ஒரு வாள் கொடுப்பதா என்ற கேள்வியில் பழைய கல்தச்சனின் விடை என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப்பார்க்கிறேன். அவன் செருப்பைத்தான் செதுக்கியிருப்பான்.

பழைய கற்களை ஒரேயடியாகப் போற்றிப் பாடவும் நான் தயாரில்லை. வீரனின் பக்கத்தில் கையை உயர்த்தி, வளையல் தெரிய நிற்கும் பெண் உருவங்கள் உண்டு. அவை அவன் சிதையில் ஏறியவளுக்கானவை. கொங்கில் அவளுக்கு வீரமாத்தி என்று பெயர், கோயிலும் உண்டு. எந்த ஊர்ப் பெருமைப் பேச்சிலும் அந்தக் கல்லைக் காட்டி மார்தட்டக்கூடாது என்பது என் கட்சி. அதைப் பாதுகாக்க வேண்டும், என்ன நடந்தது என்று பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். தன் தலையைத் தானே அரிந்துகொள்ளும் நவகண்டச் சிற்பங்களும் அப்படித்தான்.

சாதி இன்னொரு தலைவலி. பெயர் தெரியாத கல்லுக்கு இப்போது மூன்று தரப்பு உரிமை கொண்டாடுகிறது. கொண்டையைப் பார்த்தும் ஆயுதத்தைப் பார்த்தும் இவன் நம்மாள் என்று முகநூலில் தீர்ப்பு எழுதுகிறார்கள். அண்ணன்மார் கதை கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. பொன்னர் சங்கர் ஒரு பக்கம், வேட்டுவர் ஒரு பக்கம். 1960களில் காங்கயம் வட்டாரத்தில் தங்கி அந்தக் கதையை உடுக்கைப் பாட்டுக்காரர்களிடமிருந்து பதிவு செய்த கனடாவின் மானுடவியலாளர் பிரெண்டா பெக் பின்னர் அதைப் பற்றி நூலும் எழுதினார். கதை கொங்குக் கோயில்களில் படுகளமாக இன்றும் நடக்கிறது. மருள் வந்து விழுந்தவர்கள் செத்தவர்களாகக் கிடப்பார்கள், பிறகு எழுப்புவார்கள். வீரப்பூரில் மாசிமாதம் பார்க்கலாம். கல்லே தேவைப்படாத போர் நினைவுச் சின்னம் அது. ஊரே உடம்பாகி நினைவைச் சுமக்கிறது. அதிலும் தோற்றவர்களின் பக்கம் யார் விழுந்து எழுகிறார்கள் என்ற கேள்வி எனக்கு உண்டு.

சரி, கற்களின் இன்றைய கதி என்ன? கவிழ்த்துப் போட்டுத் துவைகல் ஆனவை உண்டு. வாய்க்கால் பாலத்துக்கு மூடுகல் ஆனவை உண்டு. சாலை அகலப்படுத்தும்போது மண்ணோடு மண்ணாக ஜேசிபி வாரிக்கொண்டு போனது எத்தனை என்று எந்தக் கோப்பிலும் இருக்காது. கோவை, திருப்பூரைச் சுற்றிக் காடெல்லாம் சைட் ஆகிக்கொண்டிருக்கிறது. வேலி போகும்போது வேலியோரத்துக் கல்லும் போகிறது. 1966இல் வந்த தமிழ்நாட்டுத் தொல்லியல் சட்டம் அரசு அறிவித்த சின்னங்களைத்தான் காக்கும். தனித்தனியாகக் காட்டில் நிற்கும் கற்களில் அந்தப் பட்டியலுக்குள் போனவை மிகச் சில.

ஓர் ஆறுதல், தேடித் திரிபவர்கள் இங்கே உண்டு. 2023இல் மறைந்த ஈரோடு புலவர் செ.இராசு ஊர் ஊராக அலைந்தார். அறச்சலூர் நாகமலையின் இசைக் கல்வெட்டை உலகுக்குக் காட்டியவர் அவர்தான். திருப்பூர் வீரராசேந்திரன் தொல்லியல் மற்றும் வரலாற்று ஆய்வு மையம், கோவையின் யாக்கை அமைப்பு போன்றவை அந்த அலைச்சலைத் தொடர்கின்றன. அவர்கள் ஒரு கல்லைக் கண்டால் மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நான்கு பத்திச் செய்தி வரும். அதற்கு அடுத்த நாள் யாருக்கும் அதைப் பற்றி வேலை இல்லை.

கண்டதும் அருங்காட்சியகத்துக்கு எடுத்துப்போக வேண்டும் என்பார்கள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் அப்படிச் சேர்ந்த கற்களை வரிசையாகப் பார்க்கலாம். ஆராய்ச்சிக்கு நல்லது, மறுக்கவில்லை. இடிபடப்போகும் கல்லுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் நினைவுச் சின்னத்துக்கு இடம்தான் பாதி அர்த்தம். இந்த ஓடைக்கரையில், இந்த மேய்ச்சலில் விழுந்தான் என்பதற்காக நட்ட கல் அது. வளாகத்தில் எண் ஒட்டி நிறுத்தினால் சிற்பம் பிழைக்கும், விழுந்த இடம் தொலைந்துபோகும். பொங்கல் வைப்பதும் நின்றுவிடும். எண்ணெயும் மஞ்சளும் கல்லைக் கெடுக்கின்றன என்று தொல்லியலாளர்கள் கவலைப்படுவது எனக்குப் புரிகிறது. எனாமல் பெயின்ட் அடிப்பதையும், கீழே எழுத்து இருக்கிறதா என்று பார்க்காமல் சிமென்ட் மேடை கட்டுவதையும் நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் இத்தனை நூற்றாண்டுகள் அந்தக் கல்லை நிற்கவைத்தது அந்த எண்ணெய்தான். சாமி என்ற பயம் இல்லாதிருந்தால் அது எப்போதோ கிணற்றுமேட்டுப் படியாகியிருக்கும்.

பெரிய திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு ஊராட்சியிலும் என்ன கல் எந்தப் புல எண்ணில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர் பதிவேட்டில் ஒரு வரி. கூடவே ஒரு புகைப்படம், எழுத்து இருந்தால் மைப்படி. சாலைப் பணிக்கோ மனைப் பிரிவு அனுமதிக்கோ கோப்பு வரும்போது அந்த வரியைப் பார்க்க வேண்டும் என்ற விதி. ஆகஸ்ட் 15 கிராமசபைக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதைச் சேர்த்தால், பதிவேட்டின் பாதி அங்கேயே நிரம்பிவிடும். எந்தக் கல் எங்கே என்று பெரியவர்களுக்குத் தெரியும். நம் காலத்தில் எல்லையில் இறந்த ராணுவ வீரர்களுக்கு ஊரில் நினைவுத் தூண் எழுப்பும்போதும், தூணின் உச்சியில் துப்பாக்கியும் தொப்பியும் வைப்பதோடு விடாமல், எங்கே, எந்த நாளில், என்ன செய்துகொண்டிருந்தபோது என்று தமிழில் நான்கு வரி எழுதட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் தீர்க்க வேண்டிய பயம் ஒன்று இருக்கிறது. கல் இருப்பது வெளியே தெரிந்தால் தொல்லியல் துறை காட்டையே எடுத்துக்கொள்ளும், கிணறு வெட்டவும் விடாது, வீடு கட்டவும் விடாது என்று விவசாயிகள் நம்புகிறார்கள். மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடை இருப்பதைக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. அதனாலேயே கல்லைப் பற்றி வாய் திறப்பதில்லை. சிலர் இரவோடு இரவாக நகர்த்தியும் விடுகிறார்கள். பதிவேட்டில் கல் ஏறுவதால் நிலத்தின் உரிமையோ பயன்பாடோ மாறாது, கல் நிற்கும் சிறு துண்டு இடத்தை மட்டும் தொடாமல் விட்டால் போதும் என்று அரசு எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும். அரைப் பக்க அரசாணை. அது வராதவரை எந்தக் கணக்கெடுப்புக் குழு வந்து கேட்டாலும் காட்டுக்காரர் தெரியாதுங்க என்றுதான் சொல்வார், அவர் சொல்வதில் நியாயமும் இருக்கும்.